கையில் இருக்கும் கல் எப்படிப் பிறந்தது? பாறைகளை அடையாளம் காணும் முறை

ஒரு கல்லைக் கையில் எடுத்ததும் கண் முதலில் போவது நிறத்தின் மேல். பாறையை அடையாளம் காண்பதில் நேரும் தவறுகளில் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது. சிவப்பில் மணற்கல் உண்டு, கிரானைட் உண்டு, ரையோலைட்டும் உண்டு. கறுப்பில் பசால்ட், சுண்ணாம்புக்கல், ஸ்லேட் மூன்றுமே உண்டு. கொஞ்சம் இரும்பு ஆக்சைடோ கரிமப் பொருளோ கலந்தாலே போதும், எந்தப் பாறையின் நிறமும் மாறிவிடும். நம்பத் தகுந்தது துகள்களின் அமைப்புதான்: அவை எவ்வளவு பெரியவை, ஒன்றையொன்று எப்படிப் பற்றியிருக்கின்றன, ஏதாவது ஒரு திசையில் வரிசைகட்டி நிற்கின்றனவா. பாறை பிறந்த விதம் அந்த அமைப்பில் பதிந்திருக்கிறது.

பிறக்கும் வழிகள் மூன்று. உருகிய குழம்பு ஆறி இறுகினால் தீப்பாறை. பழைய பாறையின் சிதைவுகளோ, உயிரிகளின் ஓடுகளோ, நீரில் கரைந்திருந்த உப்புகளோ படிந்து கெட்டியானால் படிவுப் பாறை. ஏற்கெனவே இருந்த பாறை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருகாமலேயே வேறு கனிமங்களாக மாறினால் உருமாறிய பாறை. 'உருகாமலேயே' என்பதைத் தவறவிடக் கூடாது. உருகிவிட்டால் அது திரும்பவும் தீப்பாறைக் கணக்கில் சேர்ந்துவிடும்.

தேவையான பொருட்கள்

10 மடங்கு உருப்பெருக்கும் கைலென்ஸ், எஃகு ஆணி, சிறு கண்ணாடித் துண்டு, ஒரு கிராம் துல்லியத்தோடு காட்டும் மின்னணுத் தராசு, நூல், தண்ணீர்ப் பாத்திரம், வினிகர், கல் உடைக்கும் சுத்தியல், பாதுகாப்புக் கண்ணாடி. இவை போதும்.

லென்ஸைப் பிடிக்கும் விதத்தில் பலர் தவறுகிறார்கள். கல்லைத் தூரத்தில் வைத்து லென்ஸைக் கல்லின் மேல் பிடித்தால் குறுகிய வட்டம்தான் தெரியும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடியுங்கள். பிறகு கல்லை முகத்தை நோக்கி மெதுவாகக் கொண்டுவாருங்கள். ஏறத்தாழ 2.5 செ.மீ. தூரத்தில் எல்லாம் தெளிவாகிவிடும். வெளிச்சம் கல்லின் மேல் விழ வேண்டும். உங்கள் நெற்றி அதை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தச்சர் பயன்படுத்தும் சுத்தியலால் பாறையை அடிக்காதீர்கள். ஆணி அடிப்பதற்காகச் செய்த அதன் முகம் கடினமான கல்லில் பட்டால் சில்லு தெறிக்கும், அந்தச் சில்லு கண்ணுக்குத்தான் முதலில் ஆபத்து. கல்லுக்கென்றே செய்த சுத்தியலாக இருந்தாலும் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் அடிக்கக் கூடாது.

புதிதாக உடைந்த முகத்தையே பாருங்கள்

வெயிலிலும் மழையிலும் கிடந்த கல்லின் வெளிப்புறம் அதன் உண்மையான முகம் அல்ல. இரும்புள்ள கனிமங்கள் துருப்பிடித்துப் பழுப்பாகியிருக்கும். ஃபெல்ட்ஸ்பார் என்ற வெளிர்க் கனிமம் களிமண்ணாகி மங்கியிருக்கும். பசால்ட்டில் இந்தப் பழுப்புத் தோல் சில மில்லிமீட்டர் முதல் சென்டிமீட்டர் வரைகூடப் போகும். உள்ளே கருஞ்சாம்பல் நிறம் இருக்கும். ஆகவே ஓரத்தில் ஒரு சில்லைத் தட்டி எடுத்து, உள்முகத்தைப் பாருங்கள். உடைக்க முடியாத கல் என்றால் கழுவி, ஈரத்தோடு பாருங்கள். ஈரம் பட்டால் துகள்களின் எல்லைகள் தெளிவாகும்.

வெளித்தோலையும் முழுக்க ஒதுக்க வேண்டாம். சுண்ணாம்புக்கல்லின் புதிய முகத்தில் கண்ணுக்கே தெரியாத சிப்பிகளும் பவளங்களும், மழை அரித்த வெளிமுகத்தில் புடைத்துக்கொண்டு நிற்பது உண்டு.

முதல் கேள்வி: பின்னலா, ஒட்டலா?

லென்ஸில் முதலில் பார்க்க வேண்டியது இது. துகள்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, இடைவெளியே இல்லாமல் கோத்துக்கொண்டு நிற்கின்றனவா? அப்படியானால் அவை அந்த இடத்திலேயே வளர்ந்த படிகங்கள். பாறை தீப்பாறையாகவோ உருமாறிய பாறையாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். மாறாக, தனித்தனி மணிகள் இருந்து, அவற்றின் இடையில் வேறொரு பொருள் நிரம்பியோ சிறு வெற்றிடங்கள் விட்டோ இருந்தால், அவை வேறெங்கோ இருந்து வந்து படிந்தவை. அது படிவுப் பாறை.

கண் சொல்வதைக் கையால் சரிபார்க்கலாம். கல்லை விரலால் அழுத்தித் தேயுங்கள். மணி உதிர்ந்தால் ஒட்டல். ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உள்ளே இழுத்துக்கொண்டால் துளைகள் இருக்கின்றன, ஒட்டல்தான். மேலேயே நின்றால் பின்னலாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்று நிறுத்துவதற்குக் காரணம் உண்டு: சிலிக்கா நன்றாக நிரம்பிய மணற்கல்லும் நீரை உறிஞ்சாது, நன்கு சிதைந்த கிரானைட் உறிஞ்சும்.

கண்ணுக்கும் லென்ஸுக்கும் துகளே தெரியாத பாறைகளுக்கு இந்தக் கேள்வி பயன்படாது. பசால்ட், களிப்பாறை, ஸ்லேட், நுண்ணிய சுண்ணாம்புக்கல் ஆகியவற்றுக்கு ஆணியும் அமிலமும் எடையும் வேண்டும். அவற்றைப் பின்னால் பார்ப்போம்.

தீப்பாறை: ஆறிய வேகம் படிகத்தில் தெரியும்

பூமியின் உள்ளே எங்கும் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது சரியல்ல. மேலோட்டின் கீழே இருக்கும் மூடகம் பெரும்பாலும் திடப்பொருள்தான். அது உருகுவதற்கு முக்கியமாக இரண்டு காரணங்கள். சூடான பாறை மேலெழும்போது அழுத்தம் குறைந்து உருகுகிறது. நடுக்கடல் முகடுகளில் நடப்பது இதுதான். அல்லது, ஒரு கடல்தட்டு இன்னொரு தட்டின் கீழே செருகும்போது அதிலிருந்து வெளியேறும் நீர் மேலே உள்ள மூடகத்தின் உருகுநிலையைக் குறைக்கிறது. ஜப்பானிலும் ஆண்டீஸிலும் எரிமலைகள் வரிசையாக நிற்பதற்குக் காரணம் இது. இப்படி உருவான குழம்பு மேலே வந்து கண்டத்து மேலோட்டைச் சூடாக்கினால் அதுவும் ஓரளவு உருகும்.

குழம்பு ஆழத்தில் தங்கினால் சுற்றியுள்ள பாறை வெப்பத்தைப் போகவிடாமல் பிடித்துவைக்கும். பெரிய குழம்புத் திரள் ஆற லட்சக்கணக்கான ஆண்டுகள்கூட ஆகலாம். அணுக்களுக்கு இடம்பெயர்ந்து சேர நேரம் கிடைப்பதால் படிகங்கள் சில மில்லிமீட்டர் அளவுக்கு, வெறும் கண்ணுக்கே தெரியும்படி வளர்கின்றன. கிரானைட், டயோரைட், காப்ரோ இந்த வகை. அதே குழம்பு மேற்பரப்பில் வழிந்தால் நாட்களிலோ ஆண்டுகளிலோ இறுகிவிடும். படிகங்கள் லென்ஸுக்கும் எட்டாத அளவில் நின்றுவிடும். ரையோலைட், ஆண்டிசைட், பசால்ட் அப்படிப்பட்டவை. மிக வேகமாக ஆறினால் படிகமே உருவாகாமல் கண்ணாடியாக உறையும், அது அப்சிடியன்.

இந்த இரு வரிசைகளும் ஜோடி ஜோடியாகப் பொருந்தும். கிரானைட்டும் ரையோலைட்டும் வேதிப்பொருளில் ஒன்று, இரண்டிலும் சிலிக்கா 70 சதவீதத்தை ஒட்டி இருக்கும். காப்ரோவும் பசால்ட்டும் ஒன்று, சிலிக்கா 45 முதல் 52 சதவீதம். டயோரைட்டும் ஆண்டிசைட்டும் இடைப்பட்டவை. சிலிக்கா குறைந்தால் இரும்பும் மக்னீசியமும் கூடும், பாறை கறுக்கும், எடை ஏறும். தீப்பாறைக்குள் மட்டும் நிறம் ஓரளவுக்கு உதவும் என்பது இதனால்தான். அங்கேயும் அப்சிடியன் விதிவிலக்கு: வேதிப்பொருளில் ரையோலைட்டை ஒத்திருந்தும் கறுப்பாக இருக்கும், ஏனென்றால் கண்ணாடியில் பரவிய மிக நுண்ணிய இரும்புத் துகள்களே ஒளியைத் தடுத்துவிடும். மெல்லிய சில்லை வெளிச்சத்தில் பிடித்தால் ஓரம் ஒளி விடுவதைப் பார்க்கலாம்.

ஒரு கிரானைட் சில்லை லென்ஸின் கீழே வைத்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். சில படிகங்கள் ஒரு கோணம் வந்ததும் பளிச்சென்று மின்னி அணையும். தட்டையான தளத்தில் பிளவுபட்டவை அவை: ஃபெல்ட்ஸ்பார். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ, கட்டைகட்டையாக இருக்கும். அவற்றின் இடையில், எவ்வளவு சாய்த்தாலும் மின்னாமல், உடைந்த கண்ணாடிபோல் வளைந்த முகத்தோடு சாம்பலாக நிற்பது குவார்ட்ஸ். வெங்கச்சங்கல் என்று நாம் பொறுக்குவதும் இதே கனிமம்தான். குவார்ட்ஸுக்குத் தனி வடிவம் இருக்காது. மற்றவை விட்டுவைத்த இடத்தில் நுழைந்திருக்கும், ஏனென்றால் கடைசியாகப் படிகமானது அது. ஊசியால் நெம்பினால் ஏடு ஏடாகப் பிரியும் கறுப்புத் தகடு பயோடைட் என்ற அப்பிரகம். நெம்பினாலும் பிரியாத நீள்கறுப்புப் படிகம் ஹார்ன்பிளெண்ட். வெளிர்க் கனிமங்களில் குவார்ட்ஸ் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைந்தால் அதைக் கிரானைட் என்று அழைப்பதில்லை. கல் வியாபாரத்தில் 'கறுப்பு கிரானைட்' என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி காப்ரோ அல்லது டோலரைட். அவற்றில் குவார்ட்ஸ் இல்லை, அல்லது மிகக் கொஞ்சம்.

எந்தக் கனிமம் முதலில் உருவாகும் என்ற வரிசையைச் சோதனைக் கூடத்தில் நிறுவியவர் நார்மன் போவன். குழம்பு ஆற ஆற முதலில் ஆலிவின், பிறகு பைராக்சீன், ஹார்ன்பிளெண்ட், பயோடைட், கடைசியாகப் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார், மஸ்கோவைட் என்ற வெளிர் அப்பிரகம், குவார்ட்ஸ். களத்தில் இதற்கு நேரடிப் பயன் உண்டு. ஒரே கல்லில் பச்சை ஆலிவினும் குவார்ட்ஸும் சேர்ந்து இருப்பதாகத் தோன்றினால், இரண்டில் ஒன்றைத் தவறாகப் பார்க்கிறீர்கள் என்று பெரும்பாலும் நம்பலாம். சிலிக்கா மிகுந்த குழம்பில் மக்னீசிய ஆலிவின் நிலைக்காது.

நுண்ணிய கரும்பரப்பில் பெரிய படிகங்கள் சில தனித்தனியாகப் பதிந்திருந்தால் அந்தக் குழம்பு இரண்டு கட்டமாக ஆறியிருக்கிறது: ஆழத்தில் கொஞ்சகாலம் தங்கிப் படிகம் வளர்த்தது, பிறகு சட்டென்று மேலே வந்து உறைந்தது. இதை மணற்கல்லில் பதிந்த கூழாங்கற்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். படிகத்துக்கு நேரான விளிம்புகளும் மூலைகளும் இருக்கும், கூழாங்கல்லுக்கு மூலை இருக்காது.

படிகம் பெரிதாக இருந்தால் மெதுவாக ஆறியது என்ற விதிக்கு முக்கியமான மீறல் பெக்மடைட். சில சென்டிமீட்டர் முதல் சில மீட்டர் வரை நீளும் படிகங்கள் அதில் உண்டு. அதற்குக் காரணம் நீரும் போரான், ஃபுளூரின் போன்றவையும் செறிந்த கடைசிக் குழம்பு. அது நீர்த்திருப்பதால் அணுக்கள் விரைவாக ஓடிச் சேர்கின்றன. ஒரு விரற்கடை அகல நரம்பில் பெரிய ஃபெல்ட்ஸ்பாரும் அப்பிரகமும் இருந்தால், அது பக்கத்தில் உள்ள கிரானைட்டைவிட மெதுவாக ஆறியது என்று எழுதிவிடாதீர்கள்.

குமிழ்த்துளைகள் நிறைந்த கல் எரிமலைக் கல். நீரில் மிதந்தால் பியூமிஸ். கறுப்பாகவோ செம்பழுப்பாகவோ இருந்து மூழ்கினால் ஸ்கோரியா. பழைய பசால்ட்டில் இந்தத் துளைகளைப் பின்னால் வந்த நீர், சுண்ணாம்புக் கனிமமான கால்சைட்டாலோ, சியோலைட்டாலோ அகேட்டாலோ நிரப்பியிருக்கும். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த தக்காணப் பசால்ட்டில் இவை ஏராளம்.

படிவுப் பாறை: துகளின் அளவும் உருண்டையும்

கண்டங்களின் மேற்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கைப் படிவுப் பாறைகளே மூடியிருக்கின்றன, ஆனால் மேலோட்டின் மொத்தக் கன அளவில் அவற்றின் பங்கு மிகச் சிறிது. மெல்லிய போர்வைதான்.

பாறை சிதைவதில் தொடங்குவோம். போவன் வரிசையில் முதலில் உருவான கனிமங்களே மேற்பரப்பில் முதலில் அழியும். சாமுவேல் கோல்டிச் 1938இல் இதைக் காட்டினார். ஆலிவின் விரைவில் போய்விடும், ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகும், குவார்ட்ஸ் மட்டும் தாங்கும். ஆகையால் ஒரு மணற்கல்லில் குவார்ட்ஸ் மட்டுமே இருந்தால் அது நீண்ட தூரமோ பல சுற்றுகளோ அலைந்த மணல். இளஞ்சிவப்பு ஃபெல்ட்ஸ்பார் மணிகள் நிறைய இருந்தால் தாய்ப்பாறை பக்கத்திலேயே இருந்திருக்கிறது, மணல் விரைவாகப் புதைந்திருக்கிறது.

படிந்த மணலில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வெற்றிடம். சேற்றில் பாதிக்கும் மேல் நீர். மேலே அடுக்கு ஏற ஏறத் துகள்கள் நெருங்கும், நீர் பிதுங்கி வெளியேறும். பிறகு நிலத்தடி நீர் கொண்டுவரும் கால்சைட், சிலிக்கா, இரும்பு ஆக்சைடு ஆகியவை இடைவெளிகளில் படிந்து ஒட்டுகின்றன. எந்த ஒட்டு என்பதே கல்லின் உறுதியைத் தீர்மானிக்கும். சிலிக்கா ஒட்டு ஆணிக்கு அசையாது. கால்சைட் ஒட்டு அமிலத்தில் நுரைக்கும். இரும்பு ஒட்டு சிவப்பாகவோ மஞ்சளாகவோ விரலில் ஒட்டும். களி ஒட்டு தண்ணீரில் ஊறினால் இளகும்.

பெயரைத் துகளின் அளவு முடிவுசெய்யும். 2 மி.மீ.க்கு மேல் சரளை. உருண்டையாக இருந்தால் கூழாங்கற் பாறை, கூர்முனைகளோடு இருந்தால் பிரெக்சியா. 2 மி.மீ. முதல் 0.0625 மி.மீ. வரை மணல். அதற்குக் கீழே 0.004 மி.மீ. வரை வண்டல், அதற்கும் கீழே களி. மணலின் கீழ் எல்லை ஏறக்குறைய லென்ஸில் தனி மணியாகப் பிரித்துப் பார்க்கும் எல்லையும்கூட. வண்டலையும் களியையும் பிரிக்கக் களத்தில் வழக்கமான வழி பல்தான்: சுத்தமான சிறு துணுக்கை முன்பல்லில் வைத்து மெல்லத் தேய்த்தால் வண்டல் நறநறக்கும், களி வழுக்கும். தொழிற்சாலை, சுரங்கக் கழிவு உள்ள இடங்களில் எடுத்த கல்லை வாயில் வைக்கவே கூடாது. அங்கே விரல்களுக்கிடையே ஈரமாக்கித் தேய்த்துப் பார்த்தால் போதும்.

சீரான அளவில் உருண்டு தேய்ந்த மணிகள் என்றால் அலையோ காற்றோ நீண்டகாலம் சலித்திருக்கிறது. பெரியதும் சிறியதும் மூலை மழுங்காமல் கலந்து கிடந்தால் நிலச்சரிவு, பனியாறு, மலையடிவாரத்து வெள்ளம் போன்ற ஏதோ ஒன்று ஒரேயடியாகக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறது. ஓர் அடுக்குக்குள்ளேயே கீழே பருமனாகவும் மேலே நுண்மையாகவும் துகள் மாறினால், வேகம் தணியத் தணியப் படிந்த கலங்கல் ஓட்டம். இதைக் கொண்டு ஒரு பாறை அடுக்கு தலைகீழாகக் கவிழ்ந்திருப்பதைக்கூடக் கண்டுபிடிக்கலாம்.

துகளால் ஆகாத படிவுகளும் உண்டு. உப்புநீர் வற்றும்போது முதலில் கால்சைட், நீரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு போனபின் ஜிப்சம், பத்தில் ஒன்பது பங்கு போனபின் கல்லுப்பு என்று படியும். ஜிப்சத்தை நகத்தால் கீறலாம், அமிலத்தில் நுரைக்காது. சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் உயிரிகளின் வேலை: சிப்பி, பவளம், கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிகளின் ஓடுகள். நிலக்கரி சதுப்புத் தாவரங்களிலிருந்து வருகிறது. பீட், பழுப்பு நிலக்கரி, கரு நிலக்கரி, ஆந்த்ரசைட் என்று ஆழமும் வெப்பமும் கூடக் கூட மாறும்.

அமிலச் சோதனை

சுண்ணாம்புக்கல்லுக்கு ஐயமற்ற சோதனை 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஒரு சொட்டுப் பட்டதும் கால்சைட் சத்தத்தோடு பொங்கும். அதைப் போன்றதே ஆனாலும் மக்னீசியம் கலந்த டாலமைட், திடமாக இருக்கும்போது ஏறக்குறைய சும்மா இருக்கும். ஆணியால் கீறித் தூளாக்கி அந்தத் தூளில் விட்டால் மெதுவாக நுரைக்கும். இந்த வேறுபாட்டிலேயே இரண்டையும் பிரித்துவிடலாம். நீர்த்த அமிலமாகவே வாங்குவது நல்லது. 37 சதவீத அடர் அமிலத்திலிருந்து தயாரிக்க வேண்டியிருந்தால் 3 பங்கு தண்ணீரில் 1 பங்கு அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறை, கண்ணாடி, காற்றோட்டம் மூன்றும் கட்டாயம். வீட்டில் குழந்தைகளோடு செய்வதானால் வினிகரே போதும்: கீறிய தூளில் விட்டு, லென்ஸில் குமிழி வருகிறதா என்று பொறுமையாகப் பாருங்கள்.

நுரை வந்ததாலேயே சுண்ணாம்புக்கல் என்று எழுதிவிடக் கூடாது. வறண்ட நிலத்தில் கிடந்த எந்தக் கல்லின் மேலும் சுண்ணாம்புப் பூச்சு படிந்திருக்கும். பசால்ட்டின் துளைகளில் கால்சைட் இருக்கும். மணற்கல்லின் ஒட்டு கால்சைட்டாக இருக்கலாம். புதிய முகத்தில், மூன்று நான்கு இடங்களில், விரிசலையும் வெள்ளை நரம்பையும் விட்டு விலகிச் சோதியுங்கள். நுரை அடங்கியபின் எஞ்சுவதைப் பாருங்கள்: மணல்மணிகள் உதிர்ந்து கிடந்தால் அது மணற்கல். சோதித்த இடத்தை உடனே கழுவிவிடுங்கள்.

உருமாறிய பாறை: வரிசைகட்டிய கனிமங்கள்

கண்டத்து மேலோட்டில் ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் வெப்பம் ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் கூடும். 200 டிகிரியை ஒட்டிக் கனிமங்கள் மாறத் தொடங்குகின்றன. 650 டிகிரிக்கு மேல், நீர் இருந்தால், உருகத் தொடங்கும். இந்த இடைவெளிக்குள்தான் பெரும்பாலான உருமாற்றம்.

களிப்பாறையைப் பின்தொடர்ந்தால் முழுப் பாதையும் தெரியும். முதலில் ஸ்லேட்: கண்ணுக்குத் தெரியாத அப்பிரகத் தகடுகள் ஒரே திசையில் படுத்துவிட்டதால் தட்டையாகப் பிளக்கும். அழுத்தம் வரும் திசைக்குச் செங்குத்தாகவே தகடுகள் படுக்கும், சிதறிக் கிடக்கும் சீட்டுகளைப் பலகையால் அழுத்தினால் எல்லாம் தட்டையாவதுபோல். அடுத்து ஃபிலைட், தகடுகள் கொஞ்சம் வளர்ந்து பரப்பு பட்டுப்போல் மினுங்கும். பிறகு சிஸ்ட், அப்பிரகம் தனித்தனியாகத் தெரியும், கையில் சரிகைத்தூள் ஒட்டும். பிறகு நைஸ், வெளிர்க் கனிமங்களும் கருங்கனிமங்களும் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்துவிடும். வெளிர்ப் பட்டைகள் உருகத் தொடங்கிய தடயத்தோடு நெளிந்து கிடந்தால் மிக்மடைட். பூமியின் மிகப் பழைய பாறைகளில் ஒன்றான கனடாவின் அகாஸ்டா நைஸ் ஏறத்தாழ 403 கோடி ஆண்டு பழையது.

எவ்வளவு வெப்பம் என்பதைச் சில கனிமங்கள் சொல்லும். ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியில் ஜார்ஜ் பாரோ 1893இல் இதை வரைபடமாக்கினார்: குளோரைட், பயோடைட், கார்னெட், ஸ்டாரோலைட், கயனைட், சில்லிமனைட் என்று வெப்பம் ஏறும் வரிசையில் கனிமங்கள் தோன்றுகின்றன. கார்னெட்டை அடையாளம் காண்பது எளிது. செம்பழுப்பில், பல முகங்களோடு உருண்டையாக, அப்பிரகத்தை விலக்கிக்கொண்டு நிற்கும், ஆணி கீறாது. கயனைட் நீலத் தகடு. நீளவாக்கில் எஃகு ஆணி அதைக் கீறும், குறுக்கே கீறாது. ஒரே படிகம் திசைக்கு ஒரு கடினம் காட்டுவதை இவ்வளவு தெளிவாக வேறெந்தப் பொதுக் கனிமத்திலும் கையால் உணர முடியாது, கிடைத்தால் கட்டாயம் செய்து பாருங்கள். இந்த வரிசை களிப்பாறையிலிருந்து வந்தவற்றுக்கே பொருந்தும். பசால்ட் உருமாறினால் முதலில் பச்சை சிஸ்ட், பிறகு ஆம்ஃபிபோலைட், மிகை அழுத்தத்தில் சிவப்புக் கார்னெட்டும் பச்சைப் பைராக்சீனும் கொண்ட எக்லோகைட்.

தகட்டுக் கனிமம் உருவாக வழியில்லாத பாறையில் வரிசை தெரியாது. தூய சுண்ணாம்புக்கல் சலவைக்கல்லாகும், குவார்ட்ஸ் மணற்கல் குவார்ட்சைட்டாகும். இரண்டிலும் படிகங்கள் பின்னிக்கொண்டு, சர்க்கரைபோல் மினுங்கும். சூடான குழம்புக்கு ஒட்டியிருந்து வெந்த களிப்பாறை ஹார்ன்ஃபெல்ஸ் ஆகும். அங்கே வெப்பம் மட்டுமே, ஒருபக்க அழுத்தம் இல்லை, ஆகவே வரிசையும் இல்லை. கறுத்து, கடினமாக, பசால்ட்டை ஒத்திருக்கும். அதைக் கல்லை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பக்கத்தில் ஊடுருவிய தீப்பாறை இருக்கிறதா என்று இடத்தைப் பார்க்க வேண்டும்.

அடிக்கடி ஏமாற்றும் ஜோடிகள்

சலவைக்கல்லும் குவார்ட்சைட்டும்: கண்ணாடித் துண்டில் கல்லின் முனையை அழுத்தி இழுங்கள். குவார்ட்சைட் கீறும், சலவைக்கல் கீறாது. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை தரப்படுத்தும் மோஸ் அளவில் கால்சைட் 3, கண்ணாடியும் எஃகு ஆணியும் ஏறத்தாழ 5.5, ஃபெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. கீறிய கோட்டை ஈரவிரலால் துடைத்துப் பாருங்கள். மறைந்துவிட்டால் அது கீறல் அல்ல, மென்மையான பக்கம் தேய்ந்து ஒட்டிய தூள். கடினச் சோதனையில் மிகுதியாக நடக்கும் தவறு இதுவே.

மணற்கல்லும் குவார்ட்சைட்டும்: உடைந்த முகம் மணிகளைச் சுற்றிப் போனால் மணற்கல், பரப்பு சொரசொரக்கும். மணிகளை ஊடறுத்துப் போனால் குவார்ட்சைட். முகம் வழவழப்பாகப் பளபளக்கும். மணற்கல்லை ஆணியால் கீறி மணி உதிர்வதைப் பார்த்து மென்மையான பாறை என்று எழுதுவதும் தவறு. உடைவது ஒட்டு, மணி கண்ணாடியையும் கீறும்.

களிப்பாறையும் ஸ்லேட்டும்: ஆணியால் தட்டினால் ஸ்லேட் கணீரென்று ஒலிக்கும், களிப்பாறை மந்தமாகச் சத்தம் போடும். வாயால் ஊதி முகர்ந்தால் களிப்பாறையில் மண்வாசனை வரும்.

கிரானைட்டும் நைஸும்: சிறு துண்டில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றலாம். குறைந்தது உள்ளங்கை அளவு துண்டு எடுத்து, மூன்று செங்குத்து முகங்களையும் பாருங்கள். கறுப்புக் கனிமங்கள் ஒரு முகத்தில் கோடுகளாகவும் இன்னொன்றில் சிதறியும் தெரிந்தால் நைஸ். மூன்றிலும் ஒரே மாதிரி என்றால் கிரானைட்.

அடுக்கும் உருமாற்றத் தளமும்: படிவு அடுக்கில் தளத்துக்குத் தளம் துகள் அளவோ பொருளோ மாறும். உருமாற்றத் தளத்தில் பொருள் மாறாது, கனிமங்கள் படுத்திருக்கும் திசைதான் தெரியும். சில ஸ்லேட்டுகளில் பழைய அடுக்கு மங்கிய நிறப்பட்டையாக ஒரு திசையிலும் பிளக்கும் தளம் வேறு திசையிலும் ஓடும்.

பாறையே அல்லாதவையும் உண்டு. உலோக உருக்காலைக் கசடு குமிழோடு ஸ்கோரியாபோலவோ, பச்சை நீலக் கண்ணாடியாக அப்சிடியன்போலவோ இருக்கும். ரயில் பாதை, பழைய உலைகள் பக்கத்தில் கிடைத்த எதையும் முதலில் கசடு என்றே ஐயப்படுங்கள். உள்ளே உலோகத் துளி இருக்கிறதா, வழிந்த தடம் ஒரே பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆற்றில் உருண்ட கான்கிரீட் கூழாங்கற் பாறையைப் போலவே இருக்கும். அதன் சரளை கூர்முனையோடு, ஒரே ரகமாக, உருண்டைக் காற்றுக்குமிழ்கள் பதிந்த சாம்பல் ஒட்டில் கிடக்கும். அந்தச் சிமெண்டும் அமிலத்தில் நுரைக்கும் என்பதால் அமிலத்தை மட்டும் நம்பாதீர்கள்.

அடர்த்தியை அளப்பது

துகள் தெரியாத கறுப்புக் கல்லுக்கு இது நல்ல வழி. கல்லைக் கழுவி உலர்த்தித் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்து அளவைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, முழுவதும் மூழ்கும்படி, ஆனால் அடியையும் பக்கத்தையும் தொடாதபடி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம் எண்தான் கல்லின் கன அளவு, கன சென்டிமீட்டரில். உலர்ந்த எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. 540 கிராம் கல் 180 காட்டினால் 3.0, அது பசால்ட் அல்லது காப்ரோ பக்கம். கிரானைட் 2.6 முதல் 2.7, பசால்ட் பொதுவாக 2.8 முதல் 3.0, கறுப்புச் சுண்ணாம்புக்கல் 2.7ஐ ஒட்டி, மூடகத்திலிருந்து வந்த பெரிடொடைட் 3.3.

கல் அடியைத் தொட்டுவிட்டால் தராசு கல்லின் எடையையும் சேர்த்துக் காட்டும், கன அளவு கூடி அடர்த்தி பொய்யாகக் குறையும். மேற்பரப்பில் ஒட்டிய காற்றுக்குமிழும் அப்படியே செய்யும். விரலால் தட்டி விடுங்கள். 100 கிராமுக்குக் குறைந்த துண்டில் ஒரு கிராம் பிழையே முடிவை மாற்றிவிடும். துளையுள்ள கல்லுக்கு இந்த முறை சரிவராது, நீர் உள்ளே போய்க்கொண்டே இருப்பதால் எண் நிற்காமல் ஓடும்.

குறிப்பு எழுதுதல்

பெயரைக் கடைசியில் எழுதுங்கள். முதலில் கண்டதை எழுதுங்கள்: துகள் அளவு, பின்னலா ஒட்டலா, வரிசை உண்டா, ஆணி கீறியதா, அமிலம் எங்கே நுரைத்தது, அடர்த்தி எவ்வளவு. பெயர் பின்னால் மாறலாம், கண்டது மாறாது. கல் நிலைப்பாறையிலிருந்து உடைத்ததா, உதிரியாகக் கிடந்ததா என்பதைத் தவறாமல் குறியுங்கள். உதிரிக்கல்லை ஆறோ லாரியோ எங்கிருந்தும் கொண்டுவந்திருக்கலாம், அதை வைத்து அந்த இடத்தின் பாறையைச் சொல்ல முடியாது. கல்லின் ஓரத்தில் வெள்ளை வண்ணத்தில் சிறு பொட்டு வைத்து, காய்ந்ததும் அதன் மேல் எண்ணை எழுதி, அதே எண்ணைக் குறிப்பேட்டில் இடத்தோடும் தேதியோடும் சேருங்கள். தாள் சீட்டை மட்டும் கல்லோடு வைத்தால் பெட்டி ஒருமுறை கவிழ்ந்தாலே எது எதனுடையது என்று தெரியாமல் போகும்.